மணப்பெண் காரில் காற்று நின்றது

பொழிச்சலூரில் ஞானஜோதி டீச்சரிடம் மார்க் வாங்காத ஆள் அநேகமாகக் கிடையாது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் பிளஸ் டூ மாணவிகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். டீச்சர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய சிவப்புப் பேனா ஓய்வு பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் செய்யும் பிரசங்கத்துக்கு, காணிக்கைக் கவரின் பின்புறத்தில் பத்துக்கு இத்தனை என்று போட்டு, கீழே தன் பெயரையும் எழுதித் தட்டில் வைத்துவிடுவார். ஆயருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, ஐந்துக்குக் கீழே வாங்கிய வாரத்துக்கு அடுத்த வாரம் அவரே பிரசங்கத்தைக் கால் மணி நேரம் சுருக்கிக்கொள்ளப் பழகினார். இதற்காகச் சபையில் சிலர் டீச்சரின் ஆயுளுக்காகத் தனியாக ஜெபம் செய்வதாகக் கேள்வி.

வயது அறுபத்தொன்று. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அந்தக் குறையை ஒரு தலையணை போட்டு நிரப்பிக்கொண்டு கார் ஓட்டுவார். நாற்பத்து மூன்றாவது வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோது, பயிற்சி கொடுக்க வந்தவர், இந்த வயதில் உங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் என்று கேட்டார். டீச்சர் அவரிடம் உந்தம் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பதினைந்து நாள் கழித்து டீச்சருக்கு ஓட்ட வந்துவிட்டது, அவருக்கும் உந்தம் வந்துவிட்டது.

காரை வாங்கியது 2007இல். வாங்கியபோது வெள்ளி நிறம். இப்போது என்ன நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாங்கிய மறு மாதமே அது மணப்பெண் கார் ஆகிவிட்டது. சபையில் ஒரு கல்யாணம். பெண்ணை அழைத்து வர வேண்டிய வாடகைக் கார் குரோம்பேட்டையில் பஞ்சராகி நின்றது. டீச்சர் பாய்ந்து போய்ப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, பாட்டுக்காரர்கள் முதல் கீதத்தின் இரண்டாம் சரணத்தைப் பாடி முடிப்பதற்குள் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றிலிருந்து சபையில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் டீச்சர் கார்தான். ஏசி போட்டு, பவுடர் கலையாமல், கசங்காமல், நேரத்துக்கு. பதினெட்டு வருடத்தில் நாற்பத்தாறு பெண்கள். அதில் ஒருவர்கூட வியர்த்து இறங்கியதில்லை என்பது டீச்சரின் பெருமை.

கணவர் தனசிங் கார் ஓட்ட மாட்டார். தபால் நிலையத்தில் சேமிப்புக் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற மனிதர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். காரில் எப்போதும் இடது பக்கத்து முன் சீட் அவருடையது.

காற்று நின்றது ஏப்ரல் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தனசிங் மடியில் முருங்கைக்காய்க் கட்டு. கொஞ்ச நாளாகவே காற்று மெலிந்துகொண்டு வந்ததை டீச்சர் கவனித்திருந்தார்; நாலாம் நம்பரில் வைத்தால்தான் ஏதோ வரும். அன்றைக்குப் பம்மல் சிக்னலில் டேஷ்போர்டுக்குள் யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம். அப்புறம் அமைதி. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கண்ணாடிகளை இறக்கியதும் வெளியே இருந்த வெயில் முழுவதும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் முருங்கைக்காய் பாதி வெந்துவிட்டது என்று தனசிங் சொன்னார்.

சாதாரண நாளாக இருந்தால் டீச்சர் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஆனால் பத்து நாளில் ஜெரூஷாவுக்குக் கல்யாணம். கோவிலம்பாக்கம் சாலமோனின் ஒரே மகள்; டீச்சரிடம் படித்தவள். நாற்பத்தேழாவது பெண். மே மாதம், கத்திரி, திங்கட்கிழமை காலை பத்து மணி ஆராதனை. கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை பெண் வர வேண்டும். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, சாலமோன் போன் செய்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். டீச்சருக்குக் கஷ்டம் வேண்டாம், வேணும்னா ஒரு பெரிய ஏசி காராக வாடகைக்குப் பேசிவிடலாமே என்றார். அந்த 'வேணும்னா' டீச்சரைச் சுருக்கென்று குத்தியது. காற்று அந்தத் திங்கட்கிழமைக்குள் வரும், பெண் என் காரில்தான் வருவாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தனசிங் வாயைத் திறந்தார். வண்டிக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, பேசாமல் விற்றுவிடலாம், சேலையூரில் ஜெயகிருஷ்ணன் என்று ஒருத்தர் பழைய கார் எடுக்கிறார், பேசி வைத்திருக்கிறேன் என்றார். எங்கே போக வேண்டுமென்றாலும் ஆட்டோ இருக்கிறது, போனைத் தட்டினால் வாசலுக்கு வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். டீச்சருக்கு வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடி வேர்த்தது.

"ஜெரூஷா கோயில் வாசல்ல இறங்குறப்ப அவ முகத்துல ஒரு சொட்டு வேர்வை இருந்தா, வண்டிய நீங்க யாருக்கு வேணாலும் குடுங்க. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

"அப்படின்னா கை குடு" என்றார் தனசிங்.

முப்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அவர்கள் கை குலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கொடுத்த கையை எடுத்ததும் டீச்சரின் கண் கார்ச் சாவியைத் தேடியது. அந்தக் கார் போனால் தன்னுடைய கால் போன மாதிரிதான் என்று அவருக்குத் தெரியும். மகள் பெங்களூரில், பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று, தானாக எழுந்து தானாக ஓரிடத்துக்குப் போவது என்று மிச்சமிருந்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை மெக்கானிக்குகளை வரவழைத்தார். பம்மல் அன்பு, அனகாபுத்தூர் ஜெயவேலு, மேடவாக்கம் ரோட்டிலிருந்து ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒருவர், ஆக மூன்று பேர். இதுவரை ஒருத்தர் வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போவதும், அடுத்தவர் வந்து அதையே ஆமோதிப்பதும் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. அது காப்பி அடிப்பது. அதனால் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி, ஆளுக்குப் பத்து நிமிடம் காரைப் பார்க்கவிட்டு, பிறகு ஹாலில் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, கோடு போட்ட தாளில் பாதி கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார். மேலே கேள்வி எழுதியிருந்தது. காற்று ஏன் வரவில்லை? காரணம் கூறி விளக்குக. ஐந்து மதிப்பெண்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அன்புவின் மகளுக்கு டீச்சர் காசு வாங்காமல் டியூஷன் எடுத்து இயற்பியலில் பாஸாக்கியிருந்தார், ஜெயவேலுவின் தங்கை அவரிடம் படித்தவள், மூன்றாமவருக்குச் சமையலறையிலிருந்து வடை வாசனை வந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்து எழுதினார்கள். ஜெயவேலு கழுத்தை நீட்டி அன்புவின் தாளை எட்டிப் பார்த்தபோது டீச்சர் தொண்டையைக் கனைத்தார். நாற்பது வயது ஜெயவேலு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தாள்களை வாங்கித் திருத்தினார். ஏசிக்காரரும் ஜெயவேலுவும் கேஸ் போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். இருவருக்கும் பூஜ்யம். கேஸ் போனால் காற்று சூடாக வரும், வராமல் போகாது. அதுவும் தவிர பானெட்டைத் திறந்து தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று வேர்த்திருந்தது, குளிர் தயாராக இருக்கிறது, அதைத் தள்ளிவிட ஆளில்லை, அவ்வளவுதான் என்று வடையைக் கையில் கொடுத்தபடியே விளக்கினார். அன்பு மட்டும் ப்ளோயர் மோட்டார் காலி, புதுசு போடணும் என்று எழுதியிருந்தார். காரணம் எழுதாததால் ஐந்துக்கு இரண்டு. புது மோட்டார் வர எத்தனை நாள் என்று கேட்டதற்கு, பழைய மாடல், கிடைப்பதே கஷ்டம், டேஷ்போர்டை இறக்க வேண்டும், எப்படியும் ரெண்டு வாரம் ஆகும் மேடம் என்றார் அன்பு. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தனசிங் உள்ளறையில் போனை எடுத்து ஜெயகிருஷ்ணன் என்ற பெயரைத் தேடுவதை டீச்சர் கடைக்கண்ணால் பார்த்தார்.

அடுத்த வாரம் முழுவதும் டீச்சர் தானே இறங்கினார். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார்; எரிந்திருந்தது. புதிது போட்டு நாலாம் நம்பரில் திருப்பினார். ஒரு முனகல், அதுவும் எரிந்தது. ஃப்யூஸ் என்பது வாசல் காவல்காரன் மாதிரி. அவன் செத்துக் கிடந்தால் உள்ளே யாரோ இருக்கிறான் என்று பொருள். மோட்டார் சுற்றப் பார்க்கிறது, எதுவோ அதைப் பிடித்து நிறுத்துகிறது. எது என்றுதான் தெரியவில்லை. எலியாக இருக்குமோ என்றார் தனசிங். எலியென்றால் நாறும் என்றார் டீச்சர்.

விடை சொன்னது பூக்காரி அங்காளம்மாள். பம்மல் மெயின் ரோட்டில் கடை. நாற்பத்தாறு கல்யாணத்துக்கும் காருக்குப் பூ கட்டியது அவள்தான். வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் திங்கட்கிழமைக்கு ரோஜாவும் செவ்வந்தியும் சொல்லப் போனார். முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று கேட்டவளிடம், பூ கட்டப் போகிற கார் வருமா என்பதே சந்தேகம் என்று ஆரம்பித்து முழுவதையும் கொட்டினார். அங்காளம்மாள் நாரை வாயில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காத்து எதுல வருது டீச்சரம்மா, முன் கண்ணாடிக்குக் கீய ஒரு ஜல்லட கீதே, அதுலயா?" என்று கேட்டாள்.

ஆமாம், வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகும் என்றார் டீச்சர்.

அங்காளம்மாள் நாரைக் கீழே வைத்தாள். "அப்ப நான்தான் கெடுத்தேன். பானெட் மேல ஒரு இதழ் கெடக்கக் கூடாதுன்னு நீ கத்துவியே, அதுக்கு பயந்துகினு வாரிப் போட நேரமில்லாம, எல்லாத்தையும் கையாலயே அந்த ஜல்லடைக்குள்ள தள்ளிவுட்டுடுவேன். தண்ணி போற வழின்னுதான் இத்தினி வருசமா நெனச்சுகினு இருந்தேன்."

டீச்சருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வர வழியில்லை. ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவருக்குத் தன்னுடைய கோயில் வாசல் காட்சி நினைவுக்கு வந்தது. கல்யாண ஆராதனை முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறுவார்கள். சபையார் சுற்றி நின்று பூ தூவுவார்கள். இப்போதெல்லாம் ஜிகினா, கலர்க் காகிதம், தெர்மாகோல் உருண்டை எல்லாம் உண்டு. உள்ளே டீச்சர் இன்ஜினை ஓடவிட்டு, ப்ளோயரை நாலில் வைத்து, ஏசி குச்சியை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளிவைத்துக் காத்திருப்பார். அடைத்த காற்று உடம்புக்கு ஆகாது என்பது அவருடைய பாடம். அப்படியென்றால் சபையார் தூவிய ஆசீர்வாதத்தில் பாதி தம்பதியின் தலையில் விழுந்திருக்கிறது, மீதியை டீச்சர் தானே உறிஞ்சி இழுத்துக் காருக்குள் அனுப்பியிருக்கிறார். நாற்பத்தாறு தடவை. இரண்டு மெக்கானிக்குகளுக்குப் பூஜ்யம் போட்ட கை அது. தனக்கு எத்தனை போடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம், பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு, இடது பக்கத்து முன் சீட்டில் தலைகீழாகப் படுத்தார் டீச்சர். கால் இரண்டும் சீட்டின் மேல், தலை மிதியடியில். டேஷ்போர்டை இறக்கத் தேவையே இல்லை. சாமான் வைக்கும் பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கினால் அதற்குப் பின்னால் மோட்டார். மூன்று திருகு. தனசிங் குனிந்து டார்ச் பிடித்தார். அவ்வப்போது அது எங்கே பிடிக்க வேண்டுமோ அதைத் தவிர மற்ற இடங்களிலெல்லாம் வெளிச்சம் காட்டியது.

கடைசித் திருகு கழன்றதும் மோட்டார் தொப்பென்று இறங்கியது. கூடவே பதினெட்டு வருடக் கல்யாணங்கள் அவர் முகத்தில் கொட்டின. கறுத்துப் பொடிந்த ரோஜா இதழ், நைந்த சம்பங்கி நார், தங்கக் காகிதம், வெள்ளிக் காகிதம், நட்சத்திரம், இதய வடிவம், எண்ணி முடியாத தெர்மாகோல் உருண்டைகள். விசிறியின் இடுக்குகளில் எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. டீச்சர் தும்மினார், தும்மியதில் மீதியும் பறந்தது. மேலே தனசிங்கின் புருவத்தில் ஜிகினா ஒட்டிக்கொண்டு மின்னியது. அந்தக் கோலத்தில் டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைகீழாகப் படுத்துச் சிரித்தால் மூச்சடைக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். தனசிங்கும் சிரித்தார். ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

பல் குத்தும் குச்சியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து இரண்டு மணி நேரம் சுத்தம் செய்து மாட்டி, புது ஃப்யூஸ் போட்டுத் திருப்பினார். ஒன்றாம் நம்பரில் ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நாலில் திருப்பியதும் புயல் மாதிரி காற்று. வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் சுருள் கருகிப்போயிருந்தது. அது தனியாக வாங்க வேண்டிய சாமான். இருந்தால் நாலு, இல்லாவிட்டால் பூஜ்யம், பரவாயில்லை என்று முடிவு செய்தார் டீச்சர். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்த கணவன் மனைவி இருவரின் தலைமுடியும் பளபளத்ததை ஆயர் பிரசங்கத்துக்கு நடுவே பல முறை பார்த்தார். அந்த வாரம் மார்க் போடவும் டீச்சர் மறந்துபோனார்.

திங்கட்கிழமை காலை அங்காளம்மாள் வந்து, முதல் வேலையாக ஜல்லடையின் மேல் செய்தித்தாள் விரித்து ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் பூவைத் தொட்டாள். எட்டே காலுக்கு டீச்சர் பட்டுப்புடவையில் வந்து தலையணைமேல் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, நாலாம் நம்பரில் வைத்தார்.

காற்று வரவில்லை.

அணைத்துத் திருப்பினார். வரவில்லை.  நேற்று மாலை வரை ஓடிய மோட்டார் முனகக்கூட இல்லை. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே இருக்கும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃப்யூஸ் எரியும், உருகும், கருகும். தானாக எழுந்து நடந்து போகாது. சாவி இருக்குமிடம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இன்னொருவர் கோட்டு சூட்டோடு கேட்டருகே நின்று, தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் வரவில்லை.

டீச்சர் கத்தவில்லை. நேரமில்லை. அந்தப் பெட்டியிலேயே இன்னொரு ஃப்யூஸ் இருந்தது, அதே அளவு. பின்கண்ணாடியில் பனி உறைந்தால் அதை உருக்கும் வசதிக்கானது. சென்னையில் அப்படி ஒரு சம்பவம் இதுவரை நடக்காததால், பதினெட்டு வருடமாக ஒரு நாள்கூட வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்த ஃப்யூஸ் அது. அதைப் பிடுங்கி இதில் செருகினார். நாலாம் நம்பர் சீறிக்கொண்டு வந்தது. "ஏறுங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

தனசிங் ஏறி உட்கார்ந்தார். காற்று முகத்தில் அறைந்ததும் அவருடைய முகம் போன போக்கை டீச்சர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டார். இருவரும் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

வெள்ளைப் பட்டும் தலையில் வலையுமாக ஜெரூஷா பின்சீட்டில் ஏறினாள், பக்கத்தில் சாலமோன். மேடவாக்கம் தாண்டுவதற்குள் அவளுடைய வலை எழும்பி அப்பாவின் முகத்தை மூடியது. கொஞ்சம் குறைக்க முடியுமா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டாள். இந்த வண்டியில் ஒரே வேகம்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கேம்ப் ரோடு சிக்னலில் இருபது நிமிடம் நின்றார்கள். வெளியே பைக்கில் நின்றவர்கள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சாலமோன் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, வாடகைக் காரைப் பற்றிப் பேச்செடுக்காமல் கைகளைத் தேய்த்துக்கொண்டார். தனசிங் ஒருவருக்கு மட்டும் அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது.

கோயில் வாசலில் ஜெரூஷா இறங்கியபோது பெண்கள் கூட்டம் அவளைச் சூழ்ந்தது. பவுடர் அப்படியே இருந்தது. மூக்கு நுனி மட்டும் குளிரில் லேசாகச் சிவந்திருந்தது, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்றார்கள். கதவுகள் சாத்தப்பட்டு, காருக்குள் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

தனசிங் கோட்டுப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஃப்யூஸ். அதை டேஷ்போர்டின் மேல் வைத்தார்.

"ஏங்க?" என்றார் டீச்சர்.

தனசிங் கைக்குட்டையைத் திரும்ப மடித்தார். பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னார். அந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று டீச்சர் சட்டம் போட்டிருந்தார்; இந்தக் கதையிலும் இதுவரை அது வராததற்கு அதுதான் காரணம். பிரஷர் மாத்திரையை மறந்து இரண்டு தரம் போட்டுக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோது டீச்சருக்குக் கண் இருட்டியது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். டாக்டர் ஒன்றுமில்லை, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். டீச்சருக்கு அது அன்றோடு முடிந்துபோயிற்று.

"உனக்கு முடிஞ்சிருச்சு ஜோதி. எனக்கு முடியல. நீ சாவியை எடுக்குறப்பல்லாம் அந்த ரோடுதான் கண்ணு முன்னால வருது. உன்னை ஓட்டாதன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. வண்டியே இல்லன்னா சொல்ல வேண்டியதில்லையேன்னு நெனச்சேன்."

முதலில் டீச்சருக்குக் கோபம்தான் வந்தது. தான் தலைகீழாகப் படுத்துக் குப்பையைத் தின்றபோது டார்ச் பிடித்த மனிதர் இவர். அதே கையால் ஃப்யூஸைப் பிடுங்கியிருக்கிறார். ஒரு பெண்ணின் கல்யாண நாளை அடகு வைத்திருக்கிறார். அதைச் சொல்லவும் செய்தார். தனசிங் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் சொல்லி முடித்தபோது டீச்சருக்கு வேறொன்றும் உறைத்தது. பிப்ரவரியிலிருந்து இந்த மனிதரிடம், உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"பந்தயத்துல ஜெயிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நீதான்."

"அப்ப வண்டி எங்கயும் போகாது. எனக்கு மயக்கம் வந்தா ஸ்டியரிங்கை வாங்கிக்கப் பக்கத்துல ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கணும். நீங்க கத்துக்கறீங்க."

தனக்கு அறுபத்தைந்து வயதாகிறது என்றார் தனசிங். அதற்குள் கோயிலில் ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டதால் மேல்முறையீட்டுக்கு நேரமில்லாமல் போயிற்று.

ஜூன் முதல் வாரம் எல்.எல்.ஆர். கைக்கு வந்தது. டீச்சர் சிவப்புப் பேனாவாலேயே எல் எழுத்து வரைந்து முன்னாலும் பின்னாலும் ஒட்டினார். ஒரு காலை ஆறு மணிக்கு, பொழிச்சலூருக்குப் பின்னால் வீடுகள் வராத ஒரு மனைப்பிரிவின் காலித் தெருவில், தனசிங் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியை இரண்டு தரம் சரிபார்த்தார், பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். டீச்சர் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார். தன் காரில் அவர் அந்த சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. எதிரே ஸ்டியரிங் இல்லை, காலடியில் ஒன்றுமில்லை. தெரு இதுவரை பார்த்ததைவிட வேகமாகத் தன்னை நோக்கி வருவது போலிருந்தது. தனசிங் சாவியைத் திருப்பினார். முதல் கியர் விழுந்தது. டீச்சரின் கை தானாக மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்தது. வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடி, மிதியடியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"மெதுவா போங்க" என்றார்.

தனசிங் திரும்பி அவருடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"வண்டி இன்னும் நகரவே இல்ல, ஜோதி" என்றார்.